ஒன்பது என்றால் தெரியாது

ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு.
தெரியாது என்றால் ஒன்பது.
நடுவில் கிடக்கும் ஆறு எண்களையும்
யாருக்காக விட்டுவைத்தீர்கள் என்று
சேர்ந்த அன்று கேட்டேன்.
கண்காணிப்பாளர் சிரிக்கவில்லை.
முகக்கவசத்துக்குள் சிரித்திருக்கலாம்.

பழைய வண்ணாரப்பேட்டையில்
ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம்.
இருபத்திரண்டு கணினிகள்.
சுவரில் எவளோ ஒரு மணமகளின் பெயர்
தெர்மாகோல் எழுத்தில், பாதி உதிர்ந்து.
ஏசி போடக்கூடாதென்று சுற்றறிக்கை.
ஜன்னல்களை எப்போதோ ஆணியடித்துவிட்டார் மண்டபக்காரர்.
மாலை ஐந்துக்குப் படிவங்கள் வரும்
வெயிலில் வதங்கி, கிருமிநாசினியில் மை கலைந்து.

வயது. சர்க்கரை. ரத்தக் கொதிப்பு.
இழுப்பு உண்டா. புகை உண்டா.
உடலுக்குள் மட்டும்தான் கேள்விகள் போகும்.

ராயபுரம் மண்டலக் கட்டில்
ஒரு கையெழுத்து எனக்குப் பழகிவிட்டது.
ழகரத்துக்கு நீள வால்;
கீழ்வரியின் தலையில் போய் இடிக்கும்.
ஜெ. பிரிசில்லா.
கட்டத்துக்குள் எழுதச் சொன்னால்
கட்டத்துக்கு வெளியேயும் எழுதுகிறவள்.

தணிகாசலம், ஐம்பத்தெட்டு, ஐஸ் உடைப்பவர்.
சர்க்கரை: இரண்டு.
ஓரத்தில் பென்சிலில்:
"சோதித்ததே இல்லையாம். கால் புண் ஆறவில்லை.
ஒன்பது போடவும்."

வெங்கம்மாள், நாற்பத்தாறு, வீட்டு வேலை.
"நாலு வீடு ஒன்றாகிவிட்டது.
அந்த ஒன்றிலும் இருமுகிறார்கள்.
நின்றுவிட்டால் அதுவும் இல்லை."

ஓர் அறை, பதினோரு பேர்.
"தனியே படுக்கவையுங்கள் என்றேன்.
எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.
நானும் சுற்றிப் பார்த்தேன்."

"தெருவைத் தகரம் வைத்து அடைத்தாயிற்று.
தண்ணி லாரி அந்தப் பக்கம்.
குடங்கள் தகரத்தின் மேலேறி
கை மாறி, கை மாறி இறங்குகின்றன."

பென்சிலில் இருப்பதை ஏற்றக்கூடாது.
மென்பொருளில் அதற்கு இடமில்லை என்றார்கள்.
ஒரு ராத்திரி கண்டுபிடித்தேன்,
கடைசியில் 'குறிப்பு' என்றொரு கட்டம்,
நாற்பது எழுத்து வரை வாங்கும்.
எந்தப் பக்கம் என்று கேட்டார்கள்.
அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.
அதை யார் படிப்பார்கள்? ஒன்பது.

என் சர்க்கரை வெறும் வயிற்றில் இருநூற்றுப் பத்து.
வேலைக்கு எடுக்கும்போது கேட்டார்கள்.
நாளுக்கு அறுநூறு ரூபாய்.
இரண்டு என்றேன்.

ஜூன் மூன்றாம் வாரம்
ழகரத்தின் வால் குட்டையாகிவிட்டது.
வேறு கை. கட்டம் தாண்டாத, நல்ல பிள்ளைக் கை.
ஓரங்கள் வெள்ளையாய் வந்தன.
வேலை சீக்கிரம் முடிந்தது, அதுதான் உறுத்தியது.

நாலாம் நாள் அதே குட்டை வாலில் ஒரு படிவம்:
பிரிசில்லா. முப்பத்தொன்று.
தொழில்: வீடு வீடாகக் கேட்பது.
சர்க்கரை இரண்டு. கொதிப்பு இரண்டு.
இழுப்பு இரண்டு. புகை இரண்டு.
யாரிடமிருந்து தொற்றியது: ஒன்பது.

தட்டினேன். ஒன்பதைத் தட்டினேன்.
எந்தக் கதவு என்று எனக்கும் தெரியாதுதான்.
ஆனால் அவள் தட்டிய கதவெல்லாம்
என் விரல் வழியாகத்தான் உள்ளே போயிருந்தன.
இருபது நாள். பழைய கட்டுகளைத் திறந்து எண்ணினேன்.
குறிப்புக் கட்டத்தில் போட்டேன்: 1140.
எண்கள் ஏற்கப்படாது
என்று சிவப்பில் காட்டியது.

எழுத்தில் அடித்தேன்:
ஆயிரத்து நூற்று நாற்பது கதவு.
வாங்கிக்கொண்டது.

பக்கத்து நாற்காலியில் எத்திராஜ் தும்மினார்.
கூடம் முழுக்க விசைகள் ஒரு கணம் நின்றன.
"தூசி" என்றார்.
விசைகள் மறுபடி ஓடின.